வாட்டுக்குப் போகும் ஐஸ்

வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ். மீன்பெட்டியைப் பின்னால் வைக்கச் சொன்ன கண்டக்டரிடம், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் சொன்னார்:

“மீனில்ல மனே, ஐஸ். ஆசுபத்திரிக்குக் கொண்டு போறன்.”

“ஐஸா? அங்க கடல்தண்ணியால கட்டிடத்தையே குளிராக்கிற மெசின் பூட்டினதாமே?”

“பூட்டினதுதான். வெளிநாட்டான் குடுத்த காசு, கூட்ட மண்டபத்தக் குளிராக்கினதோட முடிஞ்சுதாம். நோயாளிமார் கிடக்கிற வாட்டுக்கு அடுத்த கட்டத்திலதானாம். என்ட மனுசனுக்கு வயித்தில தையல். வேர்வையில புண் காயுதில்ல. ஃபேனுக்கு முன்னால ஐஸை வெச்சுத்தான் காத்துப் பிடிக்கிறன்.”

“அடுத்த கட்டம் எப்பயாம்?”

“அதத்தான் ஆசுபத்திரிப் பெரியாக்கள் கூடிக் கூடிப் பேசுறானுகள். எங்க எண்டு கேளு.”

“அந்த மண்டபத்திலயா?”

“வேறெங்க? அங்கத்தக் குளிருக்கு அவனுகளுக்குப் போர்வை ஒண்டுதான் குறை!”

நான் பார்த்த திட்டங்களில் முதற்கட்டம் எப்போதும் கூட்ட மண்டபம்தான். நிதி கொடுத்தவர்கள் திறப்பு விழாவுக்கு வந்து அமர்வது அங்கேதான்.

“இண்டைக்கும் புண் காயல்லெண்டா, மனுசன அந்த மண்டபத்து மேசையில கொண்டு போய்க் கிடத்துவன். கூட்டத்த அவனுகள் வாட்டில வைக்கட்டும்!”

பெட்டி கசியத் தொடங்கியிருந்தது. கண்டக்டர் அதைத் தூக்கி வெயில் படாத பக்கம் வைத்துவிட்டு, டிரைவரைப் பார்த்துக் கத்தினார்:

“அண்ணன், இறங்கிற ஆக்கள் இல்லாட்டி எங்கயும் நிப்பாட்டாதீங்க!”