ஆளில்லாத கடற்கரை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில், என் முன்சீட்டில் இருந்தவர் தன் மச்சான் மடியிலிருந்த ஓவியத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இதுல யாரு மச்சான் செத்துட்டது?”

பொன்னிற வெளிச்சம், அலையே இல்லாத கடல், கரையில் வரிசையாகப் படகுகள். ஓர் ஆள்கூட இல்லை.

“யாரும் சாவல மாமா. விடியக்கால வெளிச்சம். ஒங்க புதுவூட்டுக்குன்னு நானே வரைஞ்சேன். பாத்தா மனசு அமைதியாவணும்.”

“விடிஞ்சும் ஒரு படகுகூட கடலுக்குப் போவலியே. ஊர்ல சாவு வுழுந்தாதான நாம போவாம இருப்போம்? ஹால்ல மாட்டுனா ஒங்க அக்கா ஒப்பாரி வெச்சிருவா.”

“அப்ப சாயங்காலம்னு சொல்லிக்குவோம்.”

“சூரியன் கடல் மேல நிக்குது. நம்மூர்ல சாயங்காலம் அது மேற்கால பண்ருட்டி பக்கம்ல போவும்?”

மச்சான் ஓவியத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

“மீன்பிடி தடைக்காலம்னு சொல்லிருங்க மாமா. அப்ப யாரும் போவ மாட்டாங்கல்ல?”

“அப்படிப் போடு! இது நல்லாருக்கு.”

“அந்தப் படகு நெழலு கறுப்பா தெரியுதுல்ல? போன தடைக்காலம் பூரா நீங்க சீட்டாடுன எடம் அதான்னு அக்காகிட்ட காட்டறேன்.”

மாமா ஓவியத்தைப் பிடுங்கித் தாளில் சுற்றினார்.

“சாவுன்னே சொல்லிரு மச்சான்.”