திருக்கைக்கு ஒரு முள், அரளிக்கு ஒரு விழா

கணுக்காலில் கட்டோடும் முகத்தில் புன்னகையோடும் இந்த அரளி நடும் விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் கடல்வாழ் காட்சியகத் தலைவர் அவர்களே! அந்தக் காலை வைக்க முக்காலி தேடி ஓடிய அலுவலகப் பெரியோர்களே! பிள்ளைகளை மடியில் இருத்தியிருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

இன்று விடிந்ததும் நான் செய்த முதல் வேலை, திருக்கை மீன் தொட்டிக்குள் இறங்கியது. பதினோரு ஆண்டுகளாக இங்கே மீன் மருத்துவராக நான் இறங்கும் முறை ஒன்றே: பாதத்தைத் தூக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடப்பது. மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை, ஆள் வருவதை அறிந்து விலகிவிடும். மிதித்தால்தான் வாலைச் சுழற்றும்.

சென்ற வாரம் தலைவர் புகைப்படத்துக்காக இறங்கினார். "ஐயா, காலைத் தூக்காதீங்க, தேய்ச்சு நடங்க" என்று கெஞ்சினேன். "எனக்கே நடக்கச் சொல்லித் தர்றியாம்மா?" என்றார். வீரநடை போட்டார். மூன்றாம் அடி, திருக்கையின் முதுகில்!

சிரிக்காதீர்கள் தாய்மார்களே, அவருக்கு இன்னும் வலிக்கிறது.

விளைவு? திருக்கை குற்றவாளி! தொட்டி மூடப்படும், அங்கே அரளி பூக்கும். "ரெண்டையும் ஒப்பிட்டு நாலு வார்த்தை அழகாப் பேசிடும்மா" என்று தலைவர் பணித்தார்.

ஒப்பிடுகிறேன். திருக்கைக்கு நஞ்சு எங்கே? வாலில் உள்ள ஒரு முள்ளில். அரளிக்கு? இலையில் நஞ்சு, தண்டில் நஞ்சு, வேரில் நஞ்சு, இந்த மேடையை அலங்கரிக்கும் செந்நிறப் பூவிலும் நஞ்சு! திருக்கை ஒளிந்து வாழ்கிறது. அரளி சிரித்து அழைக்கிறது. ஆனால் அரளி எந்தத் தலைவரையும் குத்தவில்லையே! ஆகவே அது அழகு, இது ஆபத்து.

முன்வரிசைத் தாயே, பாப்பா கையிலிருக்கும் பூவை வாங்கிவிடுங்கள், கையையும் கழுவிவிடுங்கள். என்ன கேட்கிறீர்கள்? "அப்போ இதை எதுக்கும்மா இங்க நடுறாங்க?" அக்கா, அதை நான் கேட்டால் என் வேலை போகும். நீங்கள் உரக்கக் கேளுங்கள்!

என் கைப்பையில் ஒரு தாள் இருக்கிறது. 'இம்மீன் கொடியது, கொன்றுவிடலாம்' என்று நான் கையெழுத்திட்டால் இன்று மாலை அதற்கு ஊசி. கையெழுத்து இல்லையேல் ஊசி இல்லை. "ஒரு மீனுக்காக வேலைய விட்டுறாத" என்றார் என் கணவர். அவரிடமும் சொல்லாததை, எவரிடமும் சொல்லாததை, இங்கே சொல்கிறேன்: நான் கையெழுத்திடப் போவதில்லை!

பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. நாளை எனக்கு வேலை இருந்தால் தொட்டியருகே சந்திப்போம். வணக்கம்!