ஹேண்ட்பிரேக்கின் ஒரு பல்

என் பெயர் மார்வலின் டல்லக். வயது நாற்பத்தொன்று. தொழில் கார் எலக்ட்ரீஷியன். ஜமைக்கா, கிளாரண்டன் வட்டாரம், மே பென் ஊரில் சந்தைக்குப் பின்னால் சொந்தப் பட்டறை நடத்தி, அதன் மாடியில் என் மகள் டெல்ரீனுடன் குடியிருந்து வருகிறேன். என் மீது இதற்கு முன் எந்த வழக்கும் இல்லை. இன்று திங்கட்கிழமை காலை சார்ஜென்ட் லிண்டோ முன்னிலையில் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்கிறேன். வற்புறுத்தினாலும் வேறு மாதிரி சொல்லியிருக்க மாட்டேன்.

இந்த வழக்கில் முதல் ஆளான லென்வொர்த் கேல் என்கிற லென்னி, டெல்ரீனின் தகப்பன். நானும் அவரும் பிரிந்து ஒன்பது வருடம் ஆகிறது. சேப்பல்டனுக்கும் மே பென்னுக்கும் இடையே ஷேர் டாக்சி ஓட்டி வருகிறார். பிப்ரவரி மாதம், ஜப்பானிலிருந்து வந்த பழைய வெள்ளை வேன் ஒன்றை வாங்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். அதன் வழிகாட்டித் திரையில் ஜப்பான் நாட்டு வரைபடம் மட்டும்தான் இருந்தது. வண்டி எங்கே போனாலும் அம்புக்குறி கடலுக்குள்ளேயே நின்றது. சாவியைத் திருப்பியதும் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் நீளமாக ஏதோ சொல்லும்.

"இந்தப் பொம்பளை தினமும் காலையில என்னைத் திட்டுறா மார்வி. என்னன்னே புரியமாட்டேங்குது" என்று லென்னி சொன்னார்.

"நான் திட்டுனதும்தான் உனக்குப் புரியல" என்று நான் சொன்னேன்.

அதன் பிறகு, தன் போனில் ஓடும் படம் அந்தத் திரையில் தெரிய வேண்டும் என்று கேட்டார். இது எனக்குத் தினசரி வேலை. திரையைக் கழற்றி, பின்னால் உள்ள சாக்கெட்டில் வெளிப்படத்துக்கான வயரைச் சேர்த்து, பிளக்கை டேஷ்போர்டுக்குக் கீழே கொண்டுவந்து விட்டேன். நான் போடும் ஒவ்வொரு இணைப்பிலும் மஞ்சள் டேப் சுற்றுவேன். மே பென்னில் வேறு யாரும் மஞ்சள் டேப் சுற்றுவதில்லை. அந்த வண்டியில் நான் போட்டது நான்கு இணைப்பு, நான்கிலும் மஞ்சள் டேப் உண்டு.

அந்தத் திரை ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால்தான் வெளிப்படத்தைக் காட்டும். வண்டி ஓடும்போது டிரைவர் பார்க்கக் கூடாது என்பதற்காகக் கம்பெனிக்காரன் வைத்த கட்டு அது. ஹேண்ட்பிரேக்கிலிருந்து திரைக்குப் போகும் ஒரே ஒரு வயரை வெட்டி வண்டி பாடியோடு சேர்த்துவிட்டால் கட்டு அவிழ்ந்துவிடும். லென்னி அதைத்தான் கேட்டார்.

"ஓட்டும்போதும் படம் வர்ற மாதிரி பண்ணிக் குடு. ஊர்ல எல்லாரும் பண்ணித் தர்றானுங்க."

"அப்ப அவனுங்ககிட்டப் போ."

"ஒத்த வயருடி!"

"அந்த ஒத்த வயரை நீ தலைகீழா நின்னாலும் வெட்ட மாட்டேன். என் புள்ளையும் இந்த வண்டியிலதான் ஏறுது. ஹேண்ட்பிரேக்கை ஏத்து, படம் வரும். இறக்கு, போயிடும். அவ்வளவுதான்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு அந்த வண்டியை நான் தொடவில்லை.

சனிக்கிழமை கிங்ஸ்டனில் பள்ளிகளின் தடகளப் போட்டிக்குக் கடைசி நாள். அன்றைக்கு இந்தத் தீவில் மற்ற வேலை எதுவும் வேலையே இல்லை என்பது சார்ஜென்ட்டுக்கும் தெரியும். டெல்ரீன் தன் பள்ளிக்காகப் பெண்கள் நானூறு மீட்டர் ரிலேயில் கடைசி ஆளாக ஓடினாள். எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. பட்டறையில் ஒரு சவ ஊர்தி நின்றது. இறந்தவரின் படங்கள் அதன் திரையில் ஓட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அடக்கம் என்று அவசரப்படுத்தினார்கள். ரிலே தொடங்குவதற்குள் முடித்துவிடலாம் என்று டேஷ்போர்டுக்குக் கீழே தலையைக் கொடுத்தேன், முடியவில்லை. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் ஊரே கத்தியது கேட்டது. பதறி எழுந்ததில் நெற்றியில் இடித்துக்கொண்டேன். போட்டிக்குப் போயிருந்த என் தங்கை படமெடுத்து அனுப்புவாள், அதில் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரிடமும் முடிவைக் கேட்காமல் வேலையை முடித்து, ஒரு மணி நேரம் கழித்துச் சவ ஊர்தியை அனுப்பிவிட்டுத் திரும்பியபோது, வாசலில் இரண்டு கான்ஸ்டபிள்கள் நின்றார்கள்.

சந்தைக்கு வரும் இறக்கத்தில் லென்னியின் வண்டி பிரேக் பிடிக்காமல் இளநீர் வண்டியில் மோதியதாகவும், இளநீர் விற்கும் மிஸ் இசில்டாவின் இடது கால் முறிந்ததாகவும், ஓடும் வண்டியில் படம் காட்ட வயரை வெட்டிக் கொடுத்தது நான்தான் என்று லென்னி எழுதிக் கொடுத்திருப்பதாகவும் சொன்னார்கள். என் போனையும் கருவிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். மிஸ் இசில்டா எனக்குப் பதினைந்து வருடப் பழக்கம். அவருக்காக நான் அழுதேன். அதையும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது.

லாக்கப்பில் எனக்குப் பக்கத்து அறையில் லென்னி இருந்தார். ரிலே முடிவைச் சொல்ல ஒரு கான்ஸ்டபிள் வாயெடுத்தார். "வாயை மூடுங்க. என் புள்ளை ஓடுனதை நான் கண்ணால பார்த்துதான் தெரிஞ்சுக்குவேன். அந்தப் புளுகனுக்கும் யாரும் சொல்லக் கூடாது" என்று கத்தினேன். இரண்டு நாளும் யாரும் சொல்லவில்லை.

இன்று காலை சார்ஜென்ட், "ஹேண்ட்பிரேக்கை ஏத்துனா படம் வரும்னு நீங்கதானேம்மா சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டார். "அடுப்பு பத்த வைக்கச் சொல்லிக் குடுத்தா வீட்டைக் கொளுத்தச் சொன்னதா அர்த்தமா?" என்று கேட்டேன். இங்கே அவர் பேனாவைக் கீழே வைத்தார். எழுதுங்கள் என்றேன், எழுதினார். வண்டியைப் பார்க்காமல் இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்றும் சொன்னேன்.

அதன் பிறகு ஸ்டேஷன் முற்றத்துக்குப் போனோம். பின்சக்கரங்களைக் கழற்றச் சொன்னேன். இரண்டு பிரேக் டிரம்மும் சூடேறி நீலம் பாரித்திருந்தன. மீட்டரில் ஹேண்ட்பிரேக்கின் சிவப்பு விளக்கு மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. திரையைக் கழற்றி, ஹேண்ட்பிரேக் வயர் வெட்டுப்படாமல் கம்பெனி டேப்போடு இருப்பதைச் சார்ஜென்ட்டின் விரலை வைத்தே காட்டினேன். லென்னி ஹேண்ட்பிரேக்கை ஒரே ஒரு பல், அதாவது ஒரே ஒரு ‘கிளிக்’ மட்டும் ஏற்றி வைத்துப் படத்தை வரவழைத்துக்கொண்டு, சேப்பல்டனிலிருந்து மலையிறக்கம் முழுவதும் அப்படியே ஓட்டி வந்திருக்கிறார். வழியெல்லாம் உரசிக்கொண்டே வந்த அந்தச் சூட்டில்தான் பிரேக் செத்துப்போனது.

நிரூபிக்கச் சொன்னார்கள். என் போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். என் தங்கை ரிலேயைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். திரையை மறுபடி மாட்டி, போனைப் பிளக்கில் செருகிச் சாவியைத் திருப்பினேன். ஜப்பான்காரி வழக்கம்போல ஏதோ சொன்னாள். திரையில் ஒரு வரி எழுத்து மட்டும் வந்தது. சார்ஜென்ட் ஹேண்ட்பிரேக்கை ஒரு பல் ஏற்றினார். படம் வந்துவிட்டது.

முதல் பெண் ஓடினாள், இரண்டாவது ஓடினாள், மூன்றாவது ஓடி வந்தாள். வியாழக்கிழமை நான் பின்னிவிட்ட ஜடையோடு டெல்ரீன் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். ரிலே கோலை வாங்கினாள். அந்த நேரத்தில் சார்ஜென்ட், "சரி, புரிஞ்சுபோச்சு" என்று ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டார். படம் போய்விட்டது.

"ஏத்துங்க சார்."

"அதான் நிரூபிச்சாச்சேம்மா."

"உங்களுக்கு நிரூபிச்சாச்சு. என் புள்ளை இன்னும் ஓடிக்கிட்டிருக்கா. ஏத்துங்க!"

ஏற்றினார். கடைசி வரை பார்த்தோம். கான்ஸ்டபிள்கள் இருவரும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார்கள். அதன் பிறகு நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

லென்னி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மார்வி, திரையில அவ கோலை வாங்குறதுதான் தெரிஞ்சுது. அதுக்குள்ள பெடல் தரைக்குப் போயிடுச்சு. என்ன ஆச்சு? ஜெயிச்சாளா?" என்று கேட்டார்.

"எந்த வயரை நான் வெட்டுனேன்னு எழுதிக் குடுத்த?" என்று கேட்டேன்.

"பயந்துட்டேன்டி. வண்டி போனா நான் என்ன பண்ணுவேன்?"

"பட்டறை போனா நான் என்ன பண்ணுவேன்? எழுதுனதை மாத்தி எழுதிக் குடு. மிஸ் இசில்டாகிட்டயும் நீயே போய்ச் சொல்லு. அப்புறமா உன் புள்ளை எப்படி ஓடுனாள்னு சொல்றேன்."

கம்பியை விட்டார். அதன் பிறகு கான்ஸ்டபிளிடம் பேப்பரும் பேனாவும் கேட்டார். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும் இந்த நேரம் அவர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

இதுவரை சொன்னது எல்லாம் நான் கண்டது, செய்தது, செய்ய மறுத்தது. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது. இது லென்னிக்கும் வாசித்துக் காட்டப்படும் என்பதால், ரிலே முடிவை இதில் எழுதக் கூடாது என்று கேட்டுக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) மார்வலின் டல்லக்
என் முன்பாக: சார்ஜென்ட் லிண்டோ