கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தது

பெரியவர்களுக்குப் பாடம் நடத்தும்போது நாற்காலிகளை வரிசையாகப் போடக் கூடாது. வரிசையைப் பார்த்தாலே அவர்களுக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்துவிடும். அங்கே யாரும் அவர்களை மரியாதையாக நடத்தியதில்லை. வட்டமாகப் போட வேண்டும். டீயை முடிவில் கொடுக்கக் கூடாது, தொடங்கும்போதே கொடுத்துவிட வேண்டும். கையில் சூடான டம்ளர் இருப்பவர் சண்டைக்கு வர மாட்டார்.

நீங்கள் தொழிற்சாலை ஆய்வாளர், உங்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். ஆனாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். என் வேலை எப்படிப்பட்டது என்று தெரியாமல் நான் செய்தது உங்களுக்குப் புரியாது.

நான் டிப்ளமாவை இரண்டாம் வருடத்தில் விட்டவன். கறம்பக்குடி பக்கம் ஒரு நூல் மில்லில் நைட் ஷிப்ட் பார்த்தேன். ஷிப்ட் முடிந்து வெளியே வரும் எங்களைப் பிடித்து உட்கார வைத்து, ஒருவர் திரையில் படம் போட்டுப் பாதுகாப்பு விதிகளைப் படிப்பார். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்க அங்கேதான் கற்றேன். மில்லையும் விட்டேன். பிறகு ஒரு சான்றிதழ் படிப்பு முடித்து மீமிசலில் ஒரு இறால் கம்பெனியில் பாதுகாப்புப் பயிற்சியாளராகச் சேர்ந்தபோது, என் வகுப்பில் யாரும் தூங்கக் கூடாது என்று மட்டும் முடிவு செய்துகொண்டேன்.

யாரும் தூங்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. வயது வந்தவர்கள் நாம் சொல்வதை நம்ப மாட்டார்கள். தாங்கள் சொல்வதைத்தான் நம்புவார்கள். அதனால் சொல்லக் கூடாது, கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த அமைதியை ரொம்ப நேரம் தாங்க முடியாமல் யாராவது பேசுவார்கள். அவர்கள் பேசியதில் நமக்கு வேண்டிய வார்த்தையை எடுத்துப் பலகையில் எழுத வேண்டும். வேண்டாததற்குத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். கடைசியில், பேசியதை எழுந்து வந்து செய்து காட்டச் சொல்ல வேண்டும். செய்து பார்த்ததை உடம்பு வைத்துக்கொள்ளும்.

கம்பெனியின் பின்பக்கம் ஐஸ் உடைக்கும் மெஷின் இருந்தது. பாளம் பாளமாக வரும் ஐஸை அதற்குள் தள்ளினால் முள் வைத்த உருளை நொறுக்கித் தள்ளும். பொத்தான் கெட்டுப்போய் மெயினிலிருந்து நேராக வயர் கொடுத்திருந்தார்கள். சுவரில் இருக்கும் பெட்டியின் கைப்பிடியைத் தூக்கினால் ஓடும், இறக்கினால் நிற்கும். ஐஸைச் சுற்றி வரும் சாக்கு உருளையில் சிக்கினால் கைப்பிடியை இறக்கிவிட்டு ஒருவர் உள்ளே இறங்கி எடுக்க வேண்டும். இறங்குகிறவர் தன் தோள் துண்டை அந்தக் கைப்பிடியில் போட்டுவிட்டுத்தான் இறங்குவார். துண்டு தொங்கினால் உள்ளே ஆள் என்று அர்த்தம். யாரும் தொட மாட்டார்கள். நான் வருவதற்குப் பல வருடம் முன்பிருந்தே அதுதான் அங்கே வழக்கம்.

துண்டு பூட்டு ஆகாது. நான் சிவப்புப் பூட்டுகள் வாங்க வைத்தேன். கைப்பிடியை இறக்கி, பூட்டி, சாவியை இறங்குகிறவர் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வகுப்பில் காட்டியபோது நிலவழகன் எழுந்தார். மெஷினுக்குள் வழக்கமாக இறங்குகிறவர் அவர்தான்.

"சார், பூட்டுன்னா சாவி வேணும். சாவி தொலஞ்சா ஒங்களத் தேடணும். நீங்களும் தொலஞ்சுட்டா எங்கிட்டுப் போயித் தேடுறது? துண்டுன்னா கெடந்த எடத்துல கெடக்கும்."

பக்கத்தில் இருந்த அன்வர் பாட்சா விடவில்லை. நிலவழகன் இறங்கும்போது கைப்பிடிக்குப் பக்கத்தில் காவல் நிற்பது அவர் வேலை. "ஒன் துண்டத் தொடணும்னா முதல்ல மூக்க மூடணும் மாப்ள. அதவிடப் பெரிய பூட்டு ஏது?"

வட்டம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வகுப்பில் சிரிப்பு நல்லது. பூட்டுகள் அலமாரியிலேயே இருந்தன.

ஐப்பசியில் ஒரு முற்பகல். படகுகள் கரைக்கு வந்துவிட்டன. ஐஸுக்காக வந்த லாரி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. உருளையில் சாக்கு சிக்கியது. நிலவழகன் துண்டைப் போட்டுவிட்டு இறங்கினார். லாரிக்கு வழி மறித்து நின்றது அன்வரின் பைக். டிரைவர் கத்தவும் அதை எடுக்க அவர் வெளியே போனார். அந்த நேரத்தில் கைப்பிடி மேலே போனது.

சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவர் அன்வர். கைப்பிடியை இறக்கி மெஷினை நிறுத்தியவரும் அவர்தான். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் பார்த்தது கைப்பிடியில் அவர் கை இருந்ததை. துண்டு தரையில் கிடந்தது. நிலவழகன் பிழைக்கவில்லை. அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை, படங்கள் உங்களிடம் இருக்கும்.

விபத்து நடந்தால் தாமதிக்காமல் பயிற்சி நடத்த வேண்டும் என்பது கம்பெனி விதி. விசாரணைக்கு அதிகாரிகள் வருவதற்கு முன்பே நான் வகுப்பைத் தொடங்கிவிட்டேன். அன்வர் வர மறுத்தார். நானே வீட்டுக்குப் போய் அழைத்து வந்தேன். "நீங்க எதுவும் பேச வேணாம்ணே. சும்மா வந்து உக்காருங்க" என்றேன்.

முதல் கேள்வி இதுதான்: "நீங்க உள்ள வந்தப்ப கைப்பிடி எந்தப் பக்கம் இருந்துச்சு?"

யாரும் பேசவில்லை. காத்திருந்தேன். இறால் உரிக்கும் காத்தாயி அக்காதான் வாயைத் திறந்தார். "பக்கமெல்லாம் பாக்கல சார். அன்வர் தம்பி கை அதுல இருந்துச்சு."

பலகையில் 'கை' என்று எழுதினேன்.

"அவரு கீழதான சார் எறக்கிக்கிட்டிருந்தாரு" என்றான் பேக்கிங்கில் இருக்கும் அஜித். தலையாட்டினேன். எழுதவில்லை.

"அவரத் தவிர வேற யாராவது அந்தப் பெட்டிக்கிட்ட நின்னாங்களா?"

"இல்லீங்க சார்."

'வேறு யாரும் இல்லை' என்று எழுதினேன். அன்று அவ்வளவுதான். ஒரே நாளில் நிறையச் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

அடுத்த வகுப்புக்கு ஒரு பலகையில் பழைய கைப்பிடி ஒன்றைப் பொருத்திக் கொண்டுவந்தேன். அன்றைக்கு நடந்ததை நடித்துப் பார்ப்போம் என்றேன். அன்வர் எழுந்து வந்தார். கைப்பிடியைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"இதுக்கு முன்னாடி?"

"பைக்க எடுக்கப் போனேன் சார்."

"அதுக்கும் முன்னாடி?"

"இங்கனதான் நின்னேன்."

"லாரிக்காரன் கத்துறான். அவசரம். நிலவழகன் மேல ஏறி வந்துட்டாருன்னு நெனச்சிருப்பீங்களோ?"

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. "நெனச்சிருப்பேனா இருக்கும்" என்றார்.

"நெனச்சிருந்தா கை என்ன செஞ்சிருக்கும்? செஞ்சு காட்டுங்க."

அவர் கைப்பிடியை மேலே தூக்கினார். பிறகு அதைப் பார்த்தார்.

மறுபடியும் செய்யச் சொன்னேன். அதற்கடுத்த வகுப்பிலும் செய்தார். அந்த முறை கைப்பிடியைத் தூக்குவதற்கு முன்னால், அங்கே இல்லாத ஒரு துண்டை இரண்டு விரலால் எடுத்துத் தரையில் போட்டார். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவராகவே செய்தது. பயிற்சி வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

வாக்குமூலம் வாங்கப் போலீஸ் வந்தது, உங்கள் ஆபீஸிலிருந்தும் வந்தார்கள். யாரைக் கேட்டாலும் ஒரே மாதிரி சொன்னார்கள். அஜித்தும்கூட. யாரும் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அப்படித்தான் ஞாபகம் இருந்தது. அவர்கள் கேட்பதற்கு முன்பே அன்வர் ஒத்துக்கொண்டார். கவனக்குறைவால் மரணம் என்று வழக்கு. ஜாமீனில் வெளியே வந்தார்.

அதற்குப் பிறகு சிவப்புப் பூட்டு இல்லாமல் அங்கே ஒருவரும் மெஷினுக்குள் கால் வைத்ததில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மற்ற கம்பெனிகளும் என்னைக் கூப்பிட்டன. நான் அன்வரையும் கூட்டிக்கொண்டு போனேன். நார்த்தாமலை பக்கம் ஒரு கல் உடைக்கும் கிரஷரில் அவர் எழுந்து நின்று, "என் கையாலதான் எம் மாப்ளயக் கொன்னேன்" என்று சொன்னபோது, அதுவரை ஹெல்மெட்டைக் கூடையாக்கி வெங்காயம் போட்டு வைத்திருந்தவர்கள் அதைக் கொட்டிவிட்டுத் தலையில் மாட்டிக்கொண்டார்கள். எத்தனை படம் போட்டாலும் அது நடக்காது.

போன வாரம் அன்வரின் மனைவி ரோஷன் பேகம் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. டீ சொன்னேன், வேண்டாம் என்றார்.

"சேப்டி சார், அவுக வீட்டுல லைட்டு சுவிட்சத் தொடுறதில்ல. மக்ரிபு தொழுக நேரம் ஆனாலும் இருட்டுக்குள்ளயே உக்காந்திருக்காக. எம்மக சாமியா டியூசன் முடிஞ்சு வந்துதான் லைட்டப் போடுது. சரி, பயந்துட்டாகன்னு விட்டேன். ஆனா சம்பவம் நடந்த அன்னிக்கு எங்கிட்ட ஒண்ணு சொன்னாக. நான் உள்ள ஓடுனப்பவே மெஷினு ஓடிக்கிட்டு இருந்துச்சு ரோஷன்னு, புள்ள தலையில கை வச்சுச் சொன்னாக. இப்பக் கேட்டா அப்புடி ஒண்ணு சொல்லவே இல்லங்கிறாக. வார வாய்தாவுல கோர்ட்டுல குத்தத்த ஒத்துக்கப் போறாகளாம். அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா?"

"உங்களுக்கு என்ன தோணுதும்மா?" என்றேன்.

"எனக்குத் தோணுறதச் சொல்ல நான் வரல. நடந்ததக் கேக்க வந்திருக்கேன்."

காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். இத்தனை வருடத்தில் அந்த அமைதியில் முதலில் வாயைத் திறந்தவன் நானாக இருந்தது அன்றுதான். ஆனால் விசாரித்துச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன். அவர் போய்விட்டார்.

நடந்தது இதுதான். கைப்பிடியைத் தூக்கியது நான்.

குளிர்அறை வழியாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தேன். கைப்பிடியில் துண்டு தொங்கியது. பக்கத்தில் காவலுக்கு யாரும் இல்லை, வேலை முடிந்து ஏறியவர் துண்டை மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். வகுப்பில் அவர்கள் சிரித்தது என் மனதில் இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. நான் சிரிப்புக்கெல்லாம் கோபப்படுகிறவன் இல்லை. துண்டு பூட்டு ஆகாது என்பதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். மெஷின் ஒரு நொடி சும்மா ஓடும். எல்லோரும் பதறி ஓடி வருவார்கள். நான் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எப்படி என் கைக்கு வந்துச்சு?" என்று கேட்பேன். நல்ல கேள்வி. அதற்குப் பிறகு அவர்கள் ஆயுளுக்கும் பூட்டை மறக்க மாட்டார்கள்.

உள்ளே ஆள் இருக்கிறாரா என்று எட்டிப் பார்க்கவில்லை. குரல் கொடுக்கவும் இல்லை. குரல் கொடுத்தால் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடும், பாடம் கெட்டுவிடும்.

தூக்கினேன். சும்மா ஓடும் மெஷினின் சத்தம் எனக்குத் தெரியும். அது அந்தச் சத்தம் இல்லை.

கைப்பிடி என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. இறக்கியிருக்கலாம். இறக்கியிருந்தால், ஓடி வருகிறவர்கள் பார்ப்பது அதில் என் கையைத்தான். துண்டைக் கீழே போட்டுவிட்டுக் குளிர்அறைக் கதவு வழியாக வெளியே போனேன். அன்வர் பைக்கை நிறுத்திவிட்டு ஓடி வந்து சேரும்வரை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நானும் மற்றவர்களோடு உள்ளே வந்தேன். டாக்டர் சொன்னாராம், உடனே நிறுத்தியிருந்தால் ஒரு கையோடு போயிருக்கும் என்று. நிலவழகனின் மனைவி பொற்கொடி அதை என்னிடம்தான் வந்து சொல்லி அழுதார். நான் ஆறுதல் சொன்னேன்.

இங்கே வருவதற்கு முன்னால் நேற்றுச் சாயங்காலம் அன்வர் வீட்டுக்குப் போனேன். ரோஷன் பேகம் கதவோரம் நின்றார். உங்களிடம் சொன்னதை அப்படியே அன்வரிடமும் சொன்னேன். அன்வர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரோஷன் ஒங்ககிட்ட வந்து அழுதாளா சார்? அதுக்காக நீங்க பழிய ஏத்துக்குவீங்களா? வேணாம் சார். அவன் துண்ட நான்தான் எடுத்தேன். ஈரமா இருந்துச்சு. இந்தா, இந்த ரெண்டு வெரலுலயும் இன்னும் சில்லுன்னு இருக்கு, தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தேன். சாதாரணமாகத்தான் இருந்தன.

"மொத நாளு எங்கிட்ட வேற சொன்னீகளே" என்றார் ரோஷன் பேகம்.

"அது பொய்யி. ஒனக்குப் பயந்து சொன்னது."

அவர் கணவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நீங்கதான உள்ள வச்சீங்க? எடுத்துட்டுப் போங்க" என்றார்.

நான் படித்த எதிலும் அதற்கு ஒரு முறை சொல்லப்படவில்லை.

நீங்கள் அன்வரைக் கூப்பிட்டு விசாரித்தால் நான் பொய் சொல்கிறேன் என்பார். காத்தாயி அக்காவும் அஜித்தும் அவர் பக்கம்தான் பேசுவார்கள். அவர்கள் மேல் கோபப்படாதீர்கள், ஒரு வார்த்தை மாறாமல் பேசுவார்கள். அவ்வளவு நல்ல வகுப்பு எனக்கு வேறு அமைந்ததில்லை.

என்னை எப்போது வேண்டுமானாலும் பிடித்துக் கொடுங்கள். ஆனால் வாய்தாவுக்கு முன்னால் அவரோடு எனக்கு ஒரே ஒரு வகுப்புக்கு அனுமதி வாங்கித் தாருங்கள். நான் எதையும் அவருக்குச் சொல்ல மாட்டேன், எப்போதும் சொன்னதில்லை. சரியான கேள்விகளைக் கேட்டால் போதும், கைப்பிடியைத் தூக்கியது யார் என்று அவரே கண்டுபிடித்துவிடுவார்.