தலைவருக்குத் தொண்டை கட்டியிருக்கு

இல்ல தம்பி, எழுந்திரிக்காதீங்க, உக்காருங்க. தலைநகர்லேர்ந்து இவ்வளவு தூரம் ஜீப்புல குலுங்கி வந்திருக்கீங்க, பார்க்காம போவீங்களா? தலைவர் உள்ளதான் இருக்காரு. தொண்டை கட்டிப்போச்சு, ஒரு வார்த்தை பேச முடியல. பேச்சக் கொறைங்கன்னு முப்பது வருஷமாப் பொண்டாட்டி நான் கத்தினேன், கேக்கல. இப்பத் தொண்டை சொல்லுச்சு, கேட்டுட்டாரு. டீயக் குடிங்க. சர்க்கரை கெடையாது. ஆளுக்கு மாசம் ரெண்டு கரண்டிதான்னு உத்தரவு போட்டதே அவருதானே.

அந்த உத்தரவு போட்ட அன்னிக்கு நடந்த கூத்தக் கேளுங்க. சண்டை முடியிற வரைக்கும் நாக்கக் கட்டுங்க, நானும் கட்டுறேன்னு மைக்ல உருகி உருகிப் பேசிட்டு வந்தாரு. கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா, அலமாரிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு சர்க்கரை டப்பாக்குள்ள விரல விட்டு நக்கிக்கிட்டிருக்காரு. நகராட்சித் தலைவரு! மீசையெல்லாம் சர்க்கரை. மறுநாளே கார்டக் கையில குடுத்து ரேஷன் வரிசையில நிக்க வச்சேன். நூத்திப் பதினேழாவது ஆளு. ஊரே சிரிச்சுது. ஆனா அதுக்கப்புறம் ஒருத்தரும் வரிசையில முண்டியடிக்கல தெரியுமா? பேப்பர்ல, மக்களோடு மக்களாக நின்ற தலைவர்னு படம் வேற போட்டாங்க. நிக்க வச்சவளப் பத்தி ஒரு வரி இல்ல.

அப்புறம், ராத்திரில விமானம் வந்து குண்டு போடுது, விளக்கு வெளிச்சம் வெளிய தெரியக் கூடாதுன்னு ஒரு உத்தரவு. துணிக்கு எங்க போறது? அவரு பொதுக்கூட்டத்துக்குப் போடுற கறுப்புக் கோட்டு நாலையும் வெட்டினேன். ஆஸ்பத்திரி ஆபரேஷன் ரூம் ஜன்னல் பூரா மூடியாச்சு. அவரு மூஞ்சியப் பார்க்கணுமே!

அதுக்கும் சண்டைதான். எங்க வீட்டுச் சண்டை இந்தத் தெருவுக்கே ரேடியோ மாதிரி. என் குரல் மட்டும்தான் கேக்கும். மைக்ல ரெண்டு மணி நேரம் பேசுற மனுஷன், வீட்ல வாயே தொறக்க மாட்டாரு.

ஏங்க! தம்பி எவ்வளவு நேரம் காத்திருப்பாரு? காதுல விழுதா இல்லையா? ஈரத்துண்ட மறுபடியும் கட்டில் மேல போட்டிருக்கீங்களே, உங்களுக்கெல்லாம் எந்தப் புண்ணியவான் ஓட்டுப் போட்டான்?

கேட்டீங்களா, வாசல்ல காவக்காரர் சிரிக்கிறத? ஐயா பாவம்னு தெனமும் உச்சுக் கொட்டுவாரு.

அது என்ன பேப்பரு? ஓ. தான் ஊர விட்டுப் போகலன்னு தலைவரே கையெழுத்துப் போடணுமா? ஏன், பக்கத்து ஊர்த் தலைவரு ஓடிட்டாரா? அடப்பாவமே. தலைவர் இல்லாத ஊருக்கு மருந்து லாரி அனுப்பினா வழியிலேயே கொள்ளை போகுதாமா? அதுக்காக நிறுத்திடுவீங்களா? ஓடினது அவங்க, காயம் பட்டுக் கெடக்கிறவங்க என்ன தம்பி பண்ணுவாங்க? எங்க ஆஸ்பத்திரில இருநூத்திப் பத்துப் பேரு. இன்னிக்குக் காலையில மயக்க மருந்து இல்லாம ஒருத்தருக்குக் கையத் தச்சாங்க. நான்தான் தலையப் பிடிச்சுக்கிட்டேன். சிரிச்சுப் பேசுறாளேன்னு நெனைக்காதீங்க. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு.

குடுங்க, உள்ள போய் வாங்கிட்டு வந்துடுறேன். உங்க கண்ணு முன்னாலதான் போடணுமா? அவரு குளிக்கிறாரு... இல்ல, அசந்து தூங்குறாரு... தம்பி, நில்லுங்க. தம்பி, அந்தக் கதவு...

சரி. பார்த்துட்டீங்க. மூடிட்டு வந்து உக்காருங்க, டீ ஆறுது.

பதினெட்டு நாளாச்சு. ஆத்துப் பாலத்துல குண்டு விழுந்துச்சே, அன்னிக்கு. யாரும் ஊர விட்டு அசையக் கூடாதுன்னு காலையில மைக்ல பேசினாரு. மத்தியானம் பின்வாசல்ல கார எடுத்துட்டாரு. என்னையும் கூப்பிட்டாரு, பொய் சொல்லக் கூடாது. அடுப்புல பால் இருக்கு, எறக்கி வச்சுட்டு வர்றேன்னேன். பால எறக்கினதுமே மனசு மாறி, நான் வரல, நீங்களும் போகாதீங்கன்னு சொல்லத்தான் ஓடி வந்தேன். தெருவுல புழுதிதான் இருந்துச்சு. முப்பது வருஷம் தம்பி. ஒரு பால் பொங்குற நேரம் நிக்கல.

தெனமும் அவரு சட்டையத் தண்ணியில முக்கி மாடிக் கொடியில காயப் போடுறேன். காலிக் கட்டிலப் பார்த்துத் திட்டுறேன். ஒருத்தருக்கும் சந்தேகம் வரல, அதுதான் கொஞ்சம் வருத்தம். மைக்லயும் அவரு சொல்லச் சொன்னதா நான்தான் பேசுறேன். பேச்சு இப்ப அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடுதுன்னு சனங்களுக்கு ஒரே சந்தோஷம்.

எங்க போடணும், இங்கயா? அவரு கையெழுத்துல கடைசில ஒரு சுழி வரும். பத்து வருஷமா ஆபீஸ் பேப்பர்ல எல்லாம் நான்தான் போட்டுக் குடுக்கிறேன். அவரே போட்டா சுழி கோணிக்கும். பாருங்க, சரியா இருக்கா?

வச்சுக்கங்க. லாரி நாளைக்கே வந்துடும்ல? ஒண்ணே ஒண்ணு தம்பி. படி எறங்கும்போது திரும்பி, ஐயா, தொண்டையப் பார்த்துக்கங்கன்னு சத்தமா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. வாசல்ல காவக்காரர் நிக்கிறாரு.