பூங்கொடி அம்மாளின் பச்சைத் திரை

இந்த மன்றத்தின் தலைமை இருக்கையைத் தம் தகுதியால் தாங்கி நிற்கும் அண்ணாச்சி ஆறுமுகசாமி அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் தீப்பெட்டித் தொழிலின் தூண்களே! கடைவீதியின் காவலர்களே! நரைத்த தலையும் நிறைந்த நெஞ்சுமாக வந்திருக்கும் பெரியோர்களே! குச்சி அடுக்கிய கையோடு, குளித்துக்கூட முடிக்காமல் ஓடி வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! இடம் கிடைக்காமல் சைக்கிளில் சாய்ந்து நிற்கும் தம்பிமார்களே! உங்கள் எல்லோர் முன்னும் செண்பகராஜ் ஆகிய நான் தலை தாழ்த்தி நிற்கிறேன்.

இந்த இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டிலே, நம் சங்கம் கணினி வாரம் கொண்டாடுகிறது. அதோ, மேடைக்கு இடப்புறம் பாருங்கள். புத்தம் புதிய கணினிகள் பட்டுத்துணி போர்த்தி, பொட்டு வைத்து, மணப்பெண்களைப் போல வரிசையாக இருக்கின்றன. "கணினியின் பெருமை" என்ற தலைப்பைக் கொடுத்து என்னைப் பேசச் சொன்னார்கள். பேசுவேன். ஆனால் பட்டுத்துணிக்குள் இருப்பதைப் பற்றியல்ல. நீங்களும் நானும் பழைய இரும்புக்காரனிடம் தூக்கிப் போட்ட கணினிகளைப் பற்றிப் பேசப்போகிறேன். பேசி முடித்தபின் நீங்கள் கைதட்ட மாட்டீர்கள். தட்ட வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

பூங்கொடி அம்மாளை மறந்திருக்க மாட்டீர்கள். மறக்க முடியுமா? இதே மேடையில், இதே ஒலிவாங்கியின் முன்னால் நின்று, பட்டிமன்றங்களில் எத்தனை முறை என்னை மண்ணைக் கவ்வ வைத்தவர்! பள்ளிக்கூடத்து ஆசிரியை. குட்டையான உருவம். ஒலிவாங்கியின் கழுத்தை முறித்துக் கீழே இறக்கினால்தான் அவர் வாய்க்கு எட்டும். எட்டிவிட்டால் போதும்! கரிசல் காட்டில் கோடை மழை இறங்குவதைப் போலத் தமிழ் இறங்கும். எதிரணியில் அமர்ந்திருக்கும் நான், என் முறை வருவதற்குள் என் வாதத்தையே மறந்திருப்பேன்.

அந்தக் குரல் தொண்ணூற்று நான்காம் ஆண்டில் இடறியது. ஒரு கூட்டத்தில் நாக்குப் புரளவில்லை. களைப்பு என்றார்கள். அடுத்த கூட்டத்தில் கையில் பிடித்த குறிப்பு நழுவியது. மதுரைக்குப் போனார்கள். நரம்புகள் ஒவ்வொன்றாக உறங்கிப்போகும் நோய், உறங்கிய நரம்பை எழுப்ப மருந்தில்லை என்றார் மருத்துவர். கால் போனது. கை போனது. கடைசியில், தாய்மார்களே, குரலும் போனது. அறிவு மட்டும் போகவில்லை! அது அணையா விளக்காக உள்ளே எரிந்துகொண்டிருந்தது. பேசிப் பேசியே வாழ்ந்த பெண், பேச முடியாமல் கட்டிலில் கிடந்தார். இதைவிடக் கொடிய சிறை எந்த நாட்டில் இருக்கிறது?

அவர் கணவர் முத்துகிருஷ்ணன். நீங்கள் எல்லோரும் அவர் கையால் டிக்கெட் வாங்கியவர்கள்தான். எட்டயபுரம் வழியாகப் பசுவந்தனை போகும் பஸ்ஸின் கண்டக்டர். மனைவி ஊரெல்லாம் பேச, கூட்டத்தின் கடைசி வரிசையில் காக்கிச் சட்டையோடு நின்று கேட்டுவிட்டு, அவரை வீட்டுக்குக் கூட்டிப் போகிறவர். அதிகம் பேசாத மனிதர். "எங்க வீட்டுல ரெண்டு பேருக்குள்ள பேச்ச அவளே பேசிருதா" என்று சிரிப்பார். அந்த வீட்டில் இப்போது இருவரும் பேசவில்லை.

அங்கே யாரோ கேட்கிறீர்கள். ஆமாம் தம்பி, கேட்டது. எழுத்துகளைப் பலகையில் எழுதிக் காட்டி, அவரைக் கண்ணசைக்கச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். செய்தார்கள். 'தண்' என்று இரண்டு எழுத்து வருவதற்குள் "தண்ணியா? தண்ணி கேக்குதா!" என்று ஆளுக்கு ஒரு செம்போடு ஓடி வருவார்கள். அவர் சொல்ல வந்தது தண்டவாளத்தைப் பற்றியாக இருக்கும்! ஒவ்வொரு வாக்கியத்தையும் ஊரார் முடித்து வைத்தார்கள். அடுத்தவர் முடித்து வைக்கும் வாக்கியம் பேச்சாகுமா? பூங்கொடி அம்மாள் கண்ணை மூடிக்கொள்ளத் தொடங்கினார்.

அப்போதுதான் பெனோ வந்தான். அவரிடம் படித்தவன், பொறியியல் முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தவன். டீச்சரைப் பார்க்க வந்தான், பார்த்தான், போனான். அடுத்த வாரம் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி கழித்துப்போட்ட பழைய கணினி ஒன்றைக் கட்டிலருகே கொண்டுவந்து வைத்தான். கறுப்புத் திரை, அதிலே பச்சை எழுத்து. டீச்சருக்காகவே ஒரு நிரல் எழுதியிருந்தான். தமிழ் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக அவனே வரைந்திருந்தான். எழுத்துகள் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிர்ந்து நகரும். வேண்டிய எழுத்து வரும்போது விசையைத் தொட்டால், அது கீழே இறங்கி நிற்கும். பூங்கொடி அம்மாளின் உடம்பில் அசைந்தது வலது கைக் கட்டைவிரல் மட்டுமே. அது போதுமாக இருந்தது.

அன்று நானும் அங்கிருந்தேன். காலையில் தொடங்கினார். எழுத்து நகர்கிறது, விரல் தவறுகிறது, மீண்டும் நகர்கிறது. வேர்த்துக் கொட்டுகிறது. ஒருவரும் உதவக்கூடாதென்று பெனோ சொல்லிவிட்டான். உச்சி வெயில் ஏறியபோது திரையில் முழு வாக்கியம் நின்றது. என்ன எழுதினார் தெரியுமா? இறைவனுக்கு நன்றி என்றா? இல்லை! "காப்பிக்கு சீனி கூடப் போடுதீங்க. ரெண்டு வருசமா சொல்லணும்னு கெடந்தேன்."

சிரியுங்கள், சிரிக்க வேண்டிய இடம்தான். முத்துகிருஷ்ணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கொல்லைப்புறம் போனவர், வெகுநேரம் திரும்பி வரவில்லை.

அதன்பின் அந்த வீட்டில் பேச்சு திரும்பியது. எனக்கும் பழைய அடி திரும்பக் கிடைத்தது. ஒருமுறை பார்க்கப் போனேன். "கூட்டத்துல நீங்க பேசுனது இங்கன வரைக்கும் கேட்டுச்சு அண்ணாச்சி. ஒரு வரியில சொல்லிருக்கலாம்" என்று எழுதிக் காட்டினார். அதே பூங்கொடி! அதே போர்க்குணம்!

பெனோ வெளியூர் வேலைக்குப் போனான். ஒரு விடுமுறைக்கு வீடு திரும்புகையில் சாத்தூர்ச் சாலையில் லாரி மோதி இறந்தான். செய்தியைச் சொன்னபோது பூங்கொடி அம்மாள் திரையில் அவன் பெயரை மட்டும் எழுதினார். அதை அழிக்க அன்று முழுக்க யாரையும் விடவில்லை.

பிறகு கணினி பழுதானது. நம் ஊர் மின்சாரத்தை நான் சொல்லவும் வேண்டுமா? விழுந்து எழும், எழுந்து விழும், எழும்போது எதையாவது எரித்துவிட்டு எழும். நல்ல மனம் படைத்த நண்பர்கள் சிலர் கூடிப் புத்தம் புதிய கணினி ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். அவர்களில் இருவர் இந்த அரங்கில் இருக்கிறார்கள். பெனோவின் நிரலை அதில் ஏற்றினார்கள், இயக்கினார்கள். என்ன ஆயிற்று? எழுத்துகள் பறந்தன! அகரத்தைக் கண்ணால் பார்ப்பதற்குள் னகரம் ஓடிவிட்டது. பழைய இயந்திரம் எண்ணுகிற வேகத்தைக் கணக்கிட்டு பெனோ எழுதியது அது. புதிய இயந்திரத்துக்குப் பொறுமை இல்லை. பூங்கொடி அம்மாளின் விரல் ஒரு முறை அசைந்தது, இன்னொரு முறை அசைந்தது, பிறகு அசையவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

பொருத்த வந்த பையனிடம் முத்துகிருஷ்ணன் கேட்டார், "கொஞ்சம் மெதுவா ஓட வைக்க முடியாதாய்யா?"

"வேகந்தான சார் நல்லது? இதெல்லாம் அந்தக் காலத்துச் சரக்கு. எழுதுனவரத்தான் கேக்கணும்" என்றான் அவன்.

எழுதினவனை எங்கே போய்க் கேட்பது? கல்லறையிலா? நம் ஊரில் தெருவுக்கொரு கணினிப் பயிற்சி நிலையம் இருக்கிறது. படியேறிப் படியேறிக் கேட்டார் அந்த மனிதர். "பாப்போம் சார்" என்றவர்கள் உண்டு. "விட்டுட்டுப் போங்க" என்றவர்கள் உண்டு. எழுதித் தந்தவர்கள் இல்லை.

எனவே முத்துகிருஷ்ணன் பழைய கணினிகளைத் தேடிப் புறப்பட்டார். கண்டக்டர் அல்லவா? ஊர் ஊராகப் போகிறவர். எந்த அலுவலகம் புதுசு வாங்குகிறது, எந்தச் சரக்குக் கிட்டங்கியில் பழசு கிடக்கிறது என்று கேட்டுக் கேட்டு வாங்கினார். தாம் வேலை செய்யும் பஸ்ஸிலேயே ஏற்றிக் கொண்டுவந்தார். ஒருநாள் நானும் அந்த பஸ்ஸில் வந்தேன். கடைசி இருக்கையில், சாக்குக் கட்டிய கணினி ஒன்று சன்னலோரம் அமர்ந்திருந்தது. மிளகாய் மூட்டையோடு ஏறிய அம்மாள் ஒருத்தி இடமில்லாமல் கத்தினாள்.

"ஏ கண்டக்டரண்ணே! அந்தப் பொட்டிக்கு டிக்கெட்டு போட்டீகளா?"

"அதுக்கு முழு டிக்கெட்டு போட்டாச்சு ஆத்தா. எங்க வீட்டுல பேசுத ஆளு அதுதான்."

பஸ்ஸே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. வழியெல்லாம் குலுங்கும் அந்தப் பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நின்று வந்தார்.

வீடு நிறைந்தது. அடுப்பங்கரையில் கணினி, அரிசிப்பானைக்குப் பக்கத்தில் கணினி, கட்டிலுக்கடியில் கணினி. ஒன்றின் நெஞ்சைப் பிளந்து இன்னொன்றுக்கு வைத்து ஓட்டினார். ஊர் என்ன சொன்னது? "பொண்டாட்டி சீக்குல இவியளுக்குப் புத்தி பெரண்டு போச்சு" என்றது. புரண்டால் என்ன? ஒவ்வொரு பழைய கணினியும் அவருக்குச் சில மாதப் பேச்சு! மனைவி திட்டுவதைக் கேட்கச் சில மாதம்! ஒன்று எரிந்து அடுத்தது கிடைக்கும்வரை வீடு ஊமையாகும். கிடைத்ததும் பச்சைத் திரையில் உயிர் வரும்.

ஆனால் அன்பர்களே, நாடு வேகமாக முன்னேறிக்கொண்டிருந்தது. கிட்டங்கிகள் காலியாகின. கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில்: "இப்பத்தான போட்டோம்!"

சென்ற ஆண்டு ஆடி மாதம். வீட்டில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கணினி. பிற்பகலில் பூங்கொடி அம்மாள் எழுதத் தொடங்கினார். கணவர் பக்கத்தில் அமர்ந்திருந்தார். திரையில் வந்தது இது: "நான் போன பெறவு நீங்க". அதற்கு மேல் வரவில்லை. மின்சாரம் இறங்கியது, ஏறியது, உள்ளே 'பட்'டென்றது. திரை இருண்டது.

"இரு பூங்கொடி. இன்னொன்னு கொண்டு வாரேன். அதுல முடி" என்றார் முத்துகிருஷ்ணன்.

துணைக்கு என்னை அழைத்தார். தூத்துக்குடியில் தேடினோம், இல்லை. மறுநாள் ஓட்டப்பிடாரத்தில் ஒரு அலுவலகத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினோம். அங்கிருந்த மேலாளர் நல்லவர், எழுந்து நின்று பேசினார். "நேத்துதான் அண்ணாச்சி எடைக்குப் போட்டோம். பழைய இரும்பு யாவாரி கடற்கரைங்கிறவரு கடையில இருக்கும், ஓடுங்க." கடற்கரையின் பழைய இரும்புக் கடை ஊருக்கு வெளியே. போனோம். வாசலில் சுத்தியல் சத்தம் கேட்டது. செம்புக்காகவும் ஈயத்துக்காகவும் அந்தக் கணினியை உடைத்துக்கொண்டிருந்தார்கள். தகடுகள் நொறுங்கிக் கிடந்தன. விசயத்தைக் கேட்ட கடற்கரை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அய்யோ, ஒரு வார்த்த சொல்லிருக்கப்பிடாதா! காலையிலதான கைய வச்சோம்!"

முத்துகிருஷ்ணன் தரையில் மண்டியிட்டு, உடைந்த தகடுகளைப் பொறுக்கித் தோள்துண்டில் கட்டினார்.

இதற்கிடையில் வீட்டில் என்ன நடந்தது? அம்மாளின் தங்கை செண்பகவல்லி பழைய எழுத்துப் பலகையை எடுத்து முன்னால் பிடித்திருக்கிறார். "எக்கா, எங்கிட்டச் சொல்லு. நான் அத்தான்ட்டச் சொல்லுதேன்." பூங்கொடி அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாக்கியம் தங்கைக்கு உரியதல்ல. அது ஒரே ஒருவருக்கு உரியது. அந்த ஒருவரோ கணினி தேடி அலைந்துகொண்டிருந்தார்.

நாங்கள் திரும்பி வந்தபோது அம்மாளுக்குக் காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. மூச்சில் சளி கட்டியிருந்தது. கணவர் பலகையை முகத்துக்கு நேரே பிடித்தார். "சொல்லு பூங்கொடி. பெறவு நான்? பெறவு நான் என்ன செய்ய?" கண்கள் திறந்தே இருந்தன. ஆனால் அவரைப் பார்க்கவில்லை. அந்தத் தெளிவு பிறகு வரவேயில்லை. ஆவணி பிறக்குமுன் அவர் போய்விட்டார்.

துக்க வீட்டில் ஊரார் விடவில்லை. "நேரத்துக்குச் சாப்பிடுங்கன்னு சொல்ல வந்திருப்பா" என்றார் ஒருவர். "தங்கச்சி வீட்டோட இருங்கன்னு இருக்கும்" என்றார் இன்னொருவர். முத்துகிருஷ்ணன் எழுந்தார். வாழ்நாளில் குரல் உயர்த்தாத மனிதர் கத்தினார்: "யாரும் முடிக்காதீங்க! அது அவ சொல்லணும்!"

இனிதான், பெரியோர்களே, நான் சொல்லத் தயங்கும் இடம். செய்தி பரவியது. இரக்கம் பெருகியது. சிவகாசி அச்சகங்களிலிருந்து, விளாத்திகுளம் பள்ளிகளிலிருந்து, இந்த அரங்கில் இருக்கும் உங்கள் கிட்டங்கிகளின் மூலைகளிலிருந்து பழைய கணினிகள் வந்து இறங்கின! லாரியில் வந்தன, ஆட்டோவில் வந்தன, தலைச்சுமையாக வந்தன. மலர்வளையம் வைப்பதுபோல வாசலில் வைத்துவிட்டுப் போனீர்கள். எங்கே இருந்தன இவையெல்லாம்? உயிரோடு ஒருத்தி காத்துக் கிடந்தபோது எந்த இருட்டில் இருந்தன? "இல்லை" என்று சொன்ன உதடுகள் எவை? தேடிப் பார்க்காமலே "போட்டாச்சு" என்ற வாய்கள் எவை? வாழும்போது வாராதது, வாசலில் பிணம் கிடக்கையில் வரிசையாய் வந்ததே! இதற்குப் பெயர் ஈகையா? இதற்குப் பெயர் இரக்கமா?

தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார்கள். முடித்துவிடுகிறேன் அண்ணாச்சி.

பழைய பொருள் அனைத்தையும் பூசைக்கு வையுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. புதியது வரட்டும், வளம் வரட்டும், இந்த வறண்ட பூமியின் பிள்ளைகள் விரல் நுனியில் உலகை ஆளட்டும்! ஆனால் ஒன்றை வெளியே எறியும் கை ஒரு நொடி நிற்கட்டும். இது யாருக்காவது குரலாக இருக்குமோ என்று ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். கேட்பீர்களா? இந்தக் கேள்வியோடு நான் பல மேடை ஏறிவிட்டேன். எல்லா மேடையிலும் தலையாட்டினார்கள். மறுவாரமும் கடற்கரையின் கடையில் சுத்தியல் ஓயவில்லை. எனக்கு நம்பிக்கை இல்லை, தாய்மார்களே. பொய் சொல்லி உங்களை அனுப்ப என் நாக்கு கூசுகிறது.

சென்ற ஞாயிறு மாலை முத்துகிருஷ்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். நீங்கள் அனுப்பிய கணினிகள் அத்தனையையும் துடைத்து, பழுது பார்த்து, அடுக்கி வைத்திருக்கிறார். ஒன்றில் பெனோவின் நிரல் ஓடிக்கொண்டிருந்தது. காலியான கட்டிலருகே அமர்ந்து அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் எதுக்கு அண்ணாச்சி இது?" என்றேன்.

"எழுத்து அது பாட்டுக்கு வருது, போவுது. அமுக்கத்தான் ஆளில்ல" என்றார். திரையை விட்டு என் பக்கம் திரும்பி, "இந்தச் சுத்துப்பட்டியில அவள மாதிரி யாராவது கெடந்தா கூட்டிட்டு வரச் சொல்லுங்க. மேடையில சொல்லுங்க" என்றார்.

சொல்லிவிட்டேன். பஸ் நிலையத்துக்குப் பின்புறத் தெரு, நீல நிறக் கதவு. இதுவரை ஒருவரும் வரவில்லை.

என் கசப்பைக் காது கொடுத்துக் கேட்ட தலைவர் அவர்களுக்கும், கண்கலங்கிய தாய்மார்களுக்கும், கடைசிவரை நின்றே கேட்ட தம்பிமார்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றியைச் செலுத்தி, உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்கி, இந்த ஒலிவாங்கியை விட்டு விலகுகிறேன். வணக்கம்.