முறுக்கி ஒட்டிய வளையம்

– அதுல இல்லடி, இந்தச் சிவப்புப் பேப்பர் பட்டையில. ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு முனையைப் பிடிச்சு இப்படித் திருப்பு. பாதித் திருப்பு போதும். இப்போ பசையைத் தடவு.

– திருப்பி ஒட்டினா என்ன ஆகும்மா?

– சாதா வளையத்தை நடுக்கோட்டுலயே சுத்தி வெட்டினா என்ன கிடைக்கும்?

– ரெண்டு வளையம்.

– இதை வெட்டினா ரெண்டு வராது. இந்தா, இதே மாதிரி முறுக்கின இன்னொண்ணை வெட்டிக் காட்டுறேன். பாத்தியா? ஒண்ணாவே நீளமாத் தொங்குது.

– ஐ! நிஜமாவே ஒண்ணுதான்! நானும் வெட்டட்டுமா?

– கத்தாதே, கதவு திறந்திருக்கு. வெளியில நாற்காலி போட ஆரம்பிச்சுட்டாங்க. மத்தவங்களுக்கெல்லாம் சிவப்புலயே நேரா ஒட்டு. இது ஒண்ணு மட்டும் முறுக்கினது. ஓரத்துல பென்சில் புள்ளி வச்சிருக்கேன், தெரியுதா?

– யாருக்கு இது?

– உங்க அப்பா கூடப் பொறந்த மகராசிக்கு. வேற யாருக்கு?

– அத்தை கண்டுபிடிச்சிருவாங்களே.

– கிழிச்சா. மேடை ஏறினா போட்டோவுக்காகக் கண்ணாடியைக் கழட்டிருவா. தட்டையா மடிச்சுக் கையில கொடுத்தா முறுக்கும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. ஆட்டம் இதுதான். நடுக்கோட்டுல வெட்டணும், ரெண்டு வளையம் எடுக்கணும், ஒண்ணு தன் கழுத்துல, ஒண்ணு பிள்ளை கழுத்துல. எல்லாரும் மாட்டிக்கிட்டு நிப்பாங்க. இவ மட்டும் ஒத்தை வளையத்தை வச்சுக்கிட்டு முழிப்பா. அப்போ மைக் என் கையில இருக்கும்.

– என்ன சொல்லுவே?

– அதை ஒரு வருஷமாச் சொல்லிப் பாத்துக்கிட்டு இருக்கேன். சமைக்கும்போதும் சொல்றேன், குளிக்கும்போதும் சொல்றேன்.

– விட்டுடேன்மா.

– எப்படிடி விடுறது? போன வருஷ விழாவுல இதே மேடைதானே? கணக்கு எழுதின பேப்பர் நட்சத்திரத்தை உன் கையில கொடுத்து, ஏழும் எட்டும் எவ்வளவுன்னு கேட்டா. நீ திகைச்சுப் போய் நின்னே. கொஞ்சம் பொறுத்திருந்தா சொல்லியிருப்பே. அதுக்குள்ள, 'எங்க அண்ணன் பொண்ணுக்கு மேல் மாடி காலி'ன்னு மைக்ல போட்டு உடைச்சா. மண்டபமே சிரிச்சுது. அன்னைக்குலேருந்து நீ ஸ்கூல்ல போர்டு பக்கம் போறியா? கணக்கு பீரியடு வந்தா வயித்துவலிங்கறே. என் பிள்ளையை இப்படி ஆக்கிட்டு அவ பாட்டுக்கு ஜம்முனு திரியறா. இந்த வருஷம் விளையாட்டெல்லாம் நானே நடத்துறேன்னு நான் கேட்டு வாங்கினது எதுக்குன்னு நினைச்சே? சேவை செய்யவா?

– அம்மா. அத்தை வராங்க.

– அண்ணீ! அடடடடா, என்ன அழகு, என்ன அழகு! இந்தக் கத்தரிச்ச பூவெல்லாம் நீங்களா பண்ணினீங்க?

– மடிச்சு வெட்டினா தானா வரும். எட்டுப் பக்கமும் ஒரே மாதிரி. வாம்மா, உக்காரு.

– உக்கார நேரம் ஏது அண்ணி? ஜன்னல் முழுக்க முக்கோணம் தொங்குதே, அது யாரு கைவேலை?

– உன் மருமகதான்.

– என் தங்கமே! கை வேலையாச்சும் வருதே, அது போதும் நமக்கு. படிப்புதான் எல்லாமா என்ன? சரி அண்ணி, என் பையன் போன தடவை மாதிரி இந்தத் தடவையும் பரிசை அள்ளிருவான், இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது.

– கோவமா? எனக்கா? நீ ஜெயிச்சா முதல்ல கை தட்டுறது நான்தான்.

– உங்க மனசு யாருக்கு வரும் அண்ணி! வரேன்டா தங்கம்.

– கேட்டியாடி? 'கை வேலையாச்சும் வருதே'யாம். பல்லைக் காட்டிக்கிட்டே குத்திட்டுப் போறா. பத்திக்கிட்டு எரியுது எனக்கு.

– அம்மா, அந்த ஆட்டத்துக்கு நீயும் வாயேன். என்னோட ஜோடியா.

– மேடைக்கா? நீயா கூப்பிடுறே?

– ஆமா.

– என் கண்ணு! ஒரு வருஷமா அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன்னியே. வரேன்டி, கண்டிப்பா வரேன். அவளுக்குப் பக்கத்துலயே நிக்கிறேன். அவ மூஞ்சி போற போக்கைக் கிட்டேருந்து பாத்தாதான் எனக்கு மனசு ஆறும்.

– எல்லாருக்கும் வளையம் நானே கொடுக்கறேன்மா.

– கொடு. புள்ளி வச்சது யாருக்குன்னு ஞாபகம் இருக்குல்ல?

– இருக்கு.

– மைக் கேக்குதா? மேடையில இருக்கறவங்க எல்லாரும் கேளுங்க! கையில இருக்கற வளையத்தை யாரும் முன்னாடியே பிரிக்கக் கூடாது. குழந்தைங்க அவங்கவங்க அம்மா அப்பா பக்கத்துல வந்து நில்லுங்க. கத்தரிக்கோல் பத்திரம். நடுக்கோட்டை விட்டு விலகாம வெட்டணும். ரெடி? வெட்டுங்க!

– அண்ணி, என்ன அண்ணி, கோட்டைப் பாக்காம என்னையே பாக்கறீங்க? நான் முக்கால்வாசி வந்துட்டேன்!

– மெதுவா வெட்டும்மா. என்ன அவசரம்? கடைசியில தெரிஞ்சிரும்.

– தெரிஞ்சிருச்சு அண்ணி! இதோ பாருங்க, ரெண்டு! டேய், கழுத்தைக் காட்டுடா. மாட்டியாச்சு!

– ரெண்டா? எப்படி… இங்க கொண்டா, பாப்போம்.

– என்னுதை எதுக்குப் பிடுங்கறீங்க? உங்களுதைப் பாருங்க முதல்ல. முழுக்க வெட்டி முடிச்சும் ஒண்ணாவே தொங்குது! மைக்கைக் கொடுங்க இப்படி. எல்லாரும் இங்க பாருங்க! விளையாட்டை நடத்துறவங்களே கவுந்துட்டாங்க! பொண்ணுக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பத்தானே தெரியுது!

– குட்டி, இங்க வா. எல்லாரும் சிரிக்கறாங்கடி. புள்ளி வச்சதைத் தவறிப்போய் என் கையில கொடுத்துட்டியா?

– தவறி இல்லம்மா.

– பின்னே? அவளுக்குன்னுதானே ஒட்டினோம்? உனக்காகத்தானேடி இவ்வளவும் பண்ணினேன்? உன்னை அவமானப்படுத்தினது அவதானே?

– அத்தை எப்பவும் அப்படித்தான் பேசுவாங்கம்மா. எனக்கு அன்னைக்குப் பதில் தெரியலன்னதும் நான் உன்னைத்தான் பாத்தேன். அத்தை சொல்லி முடிக்கறதுக்குள்ள முதல்ல சிரிச்சது நீ.